சாரல் நின்ற பிறகு அணைத் தண்ணீர் ஏன் பச்சையாகிறது?

தென்காசி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழைச் சாரல் பிடித்ததும் பெரும்பாலும் முதலில் நிரம்பி வழிவது செங்கோட்டை அருகிலுள்ள குண்டாறு அணைதான். அதன் உயரம் 36 அடி. மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணைக்கோ 132 அடி. இரண்டுக்கும் தண்ணீர் தருவது ஒரே மலைத்தொடர். ஆனாலும் இரண்டிலும் ஒரே நுண்பாசிகள்தான் வளரும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

குளிர்நாட்டு ஏரிகளில் பாசியின் பருவத்தை வெயிலும் குளிரும் வகுக்கின்றன. நம் சமவெளியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருப்பதால், அந்த வேலையைப் பெரிதும் மழை எடுத்துக்கொள்கிறது. வெள்ளம் வரும்போது செம்மண் கலங்கி வெளிச்சம் உள்ளே இறங்காது. வளர்ந்த பாசியும் மறுகால் வழியே அடித்துச் செல்லப்படும். ஒரு பாசி இரண்டாகப் பிரியக் கொஞ்ச நேரம் வேண்டும்; அதற்குள் தண்ணீரே மாறிப்போனால் எங்கிருந்து பெருகும்? அலைந்து கலங்கும் நீரில் தாக்குப்பிடிப்பவை டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகள். அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது. மலைப்பாறை கரைந்து வரும் நீரில் சிலிக்காவுக்குக் குறைவில்லை.

தண்ணீர் அசையாமல் நின்றால் கனமான டயாட்டம்கள் அடியில் தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையும் முடிந்து, பாசனத்துக்குத் திறந்து திறந்து மட்டம் இறங்கும் கோடையில் நீலப்பச்சைப் பாசிக்கு வாய்ப்பு. மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை உடலுக்குள் காற்றுப்பைகள் கொண்டவை. மேலே மிதந்து வெளிச்சத்தைத் தாமே பிடித்துக்கொண்டு, கீழே உள்ளவற்றுக்கு நிழல் போட்டுவிடும். அனபீனா என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ளும். அதற்கு வெளியிலிருந்து முக்கியமாகத் தேவைப்படுவது பாஸ்பரஸ். அது வயல் உரத்திலும் சாக்கடையிலும் சோப்புத்தூளிலும் இருந்து வருகிறது. காட்டுக்குக் கீழேயே நிற்கும் அணைகளைவிட, வயலும் ஊரும் கடந்த தண்ணீர் சேரும் கீழ்க்குளங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

சில மைக்ரோசிஸ்டிஸ் வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் இந்த நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்து, சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் நின்றார்கள். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. எனவே பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் ஏடு படர்ந்த குளத்தில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது. அணை மட்டத்தைத் தினமும் அடிக்கணக்கில் அறிவிக்கிறோம். கோடையில், மட்டம் தாழ்ந்திருக்கும் வாரங்களில், பாஸ்பரஸையும் பாசியையும் அளந்து அதேபோல் ஊருக்குச் சொல்ல வேண்டும்.