வாய்க்கால் போன போக்கில் ஒட்டுசுட்டான்: உங்களுக்குத் தெரியுமா?

ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரைகளில் எந்தத் திட்டமும் இல்லாமல் சுற்றித் திரிவதற்கென்றே உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய அந்தக் கால்வாய் வளையம் 2010இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அங்கே வீட்டு முகவரியிலேயே கால்வாயின் பெயர் இருக்கும். ஒருகாலத்தில் முல்லைத்தீவில் கோட்டை வைத்திருந்த ஒல்லாந்தரின் நகரம் அது. நம் வன்னியிலும் அப்படி முகவரி உண்டு: முத்தையன்கட்டு இடதுகரை, முத்தையன்கட்டு வலதுகரை. ஒட்டுசுட்டானுக்கு மேற்கே இருக்கிற குளத்தின் கரைகள்தான் அங்கே ஊர்ப்பெயர்.

◆ எது இடது, எது வலது? குளத்துக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்தபடி குளக்கட்டில் நில்லுங்கள். இடக்கைப் பக்கம் இடதுகரை. தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தே கரை சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம்.

◆ வாய்க்கால் கரையோடு நடப்பவருக்கு வழி தப்பாது. பெரிய வாய்க்கால் மேட்டை ஒட்டியே போகும். அப்போதுதான் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். ஆகவே வயல் எப்போதும் பள்ளத்துப் பக்கம். தண்ணீருக்கு எதிரே நடந்தால் கடைசியில் துருசடிக்கு வந்து சேர்வீர்கள். சிறுபோகக் காலத்தில், நாடு வெயிலில் காய்ந்து கிடக்கும்போது போனால் வாய்க்காலின் அருமை நன்றாகத் தெரியும். வயலுக்குத் தண்ணீர் பிரியும் வாசலில் பலகையை இறக்கி, இடுக்குகளில் வைக்கோலும் சேறும் அடைத்திருப்பார்கள். அதை மட்டும் தொடாதீர்கள். யாரோ ஒரு கமக்காரரின் முறைத் தண்ணீர் அது. அரை மணித்தியாலம் வீணானாலும் கடைக்கோடி வயலுக்குத்தான் இழப்பு.

◆ குரக்கன் ஒட்டைச் சுட்டபோது கொன்றை மரத்தடி மட்டும் தீப்பற்றாமல் நின்றது, அங்கேதான் சிவலிங்கம் வெளிப்பட்டது என்கிறது தான்தோன்றீஸ்வரர் கோயில் தலவரலாறு. ஊர்ப்பெயரும் அந்தக் கதையோடு சேர்ந்ததே.

◆ பக்கத்துக் கற்சிலைமடுவில் ஒரு நடுகல்லைப் பற்றிக் கேளுங்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததை அறிவிக்க ஆங்கிலேயர் நாட்டியது. வென்றவர் தம் பெயருக்காக வைத்த கல்லைத் தோற்றவருக்காகவே மக்கள் தேடிப் போகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வன்னியில் இல்லை.

◆ குளத்து மீனென்று வாங்கும் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்து வந்தது. இலங்கைக் குளங்களில் அதை விட்டது 1952இல்.

◆ பின்னேரம் ஆனதும் காட்டோரக் கரைகளை விட்டுவிடுங்கள். யானை தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது. எந்தப் பக்கம் போகலாம் என்று முதலில் ஊரவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

◆ மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்த வெள்ளம் பேராறு வழியாக நந்திக்கடல் களப்புக்குப் போகும். களப்பு நிறைந்து தாழ்ந்த வயல்களில் தண்ணீர் ஏறத் தொடங்கினால், வட்டுவாகலில் மணல் திட்டை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். முத்தையன்கட்டு வான் கதவைத் தூக்குகிறார்கள் என்ற செய்தியை நந்திக்கடல் இறால் தொழிலாளர்களும் காதுகொடுத்துக் கேட்பது அதனால்தான்.