பரங்கிமலைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே

ஈக்காட்டுத்தாங்கலில் கட்டடங்கள் கொஞ்சம் வழிவிடும் இடத்தில் நின்று தெற்கே பார்த்தால் பரங்கிமலை தெரியும். உயரம் சுமார் 300 அடிதான். ஆனால் வயதில் இமயமே இதன் முன்னால் பச்சைக் குழந்தை. இமயம் எழத் தொடங்கி 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பரங்கிமலைப் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி. பூமிக்கே 454 கோடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று 1893-ல் பெயர் வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தவர், அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்டார். நமக்கு அது வெறும் கருங்கல். பல்லாவரம் குவாரிகளில் ஜல்லியாக உடைபட்ட கல். புதிதாக உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வழக்கமாக வெளுத்திருக்கும் குவார்ட்ஸ்கூட இதில் நீலம் கலந்த சாம்பல் நிறம். 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், தண்ணீர் அநேகமாக இல்லாத ஆழத்தில் உருவான பாறை என்பதற்கு அதன் கனிமங்களே சாட்சி. வயதைச் சொல்வது சிர்கான் என்னும் நுண்படிகம். அதில் சிக்கிய யுரேனியம், மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கிறது. பாதி யுரேனியம்-238 கரைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும்.

என்னைத் திகைக்க வைப்பது வயதல்ல, ஆழம். இந்தக் கல் உருவானது சுமார் 20 கிலோமீட்டருக்கும் கீழே. இன்று அதன் மேல் படியேறிப் போய் மாதா கோயிலில் கும்பிடுகிறோம். அப்படியானால் மேலே இருந்த அத்தனை பாறையும் எங்கே? மழையிலும் ஆற்றிலும் கரைந்து போய்விட்டது.

அந்தக் கரைப்பின் காலம் இங்கே எந்தப் படிவிலும் பதிவாகவில்லை. மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சார்னோக்கைட்டின் மேல் படிந்திருக்கும் களிமண் படிவுகளில் பழங்காலச் செடிகளின் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. அவை கிரெட்டேசியஸ் காலத்தவை. வயது சுமார் 12 கோடி. டைனோசர்கள் உலவிய காலம், இந்தியா அண்டார்டிகாவைவிட்டு விலகிய காலம். பாறைக்கும் இலைக்கும் நடுவே 235 கோடி ஆண்டுகளுக்கு மேல் காணோம். பூமியின் வயதில் பாதிக்கும் அதிகம்! ஆக்சிஜன் காற்றில் சேர்ந்தது, பல செல் உயிர்கள் வந்தது, மீன் கரையேறியது எல்லாம் அந்த இடைவெளியில்தான்.

காணாமல்போனதில் ஒரு பகுதிக்கு வடமேற்கே நகரி மலையில் சான்று உண்டு. முன்னிருந்த பாறைகள் தேய்ந்து சேர்ந்த மணல், 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே இறுகி அங்கே குவார்ட்சைட் ஆனது. அந்த வகைக் கல் உருண்டு கூழாங்கற்களாகச் சென்னைக்கு மேற்கே பரவிக் கிடக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி குவார்ட்சைட்தான். அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதர் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கருவி செதுக்கியதும் அதே கல்லில்தான்.