கருவி பழசா, மோல்டு பழசா?

"மேடம், நம்ம பொண்ணோட காது மெஷின் பழசாயிடுச்சு. விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு. புதுசு ஒண்ணு ஏற்பாடு பண்ண முடியுமா?" வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கும் எனக்கு வகுப்பாசிரியர்களிடமிருந்து அடிக்கடி வரும் அழைப்பு இது. அவர்களின் அக்கறையில் குறை ஏதும் இல்லை. ஆனால் பள்ளிக்குச் சென்று பார்த்தால் பல நேரங்களில் கருவி நன்றாகவே இருக்கும். பழசாகியிருப்பது காதுக்குள் வைக்கும் மோல்டு. அல்லது கருவிக்குள் பதிந்து வைத்திருக்கும் அமைப்பு. புதுக் கருவிக்கு விண்ணப்பித்து, மதிப்பீட்டு முகாமுக்குக் காத்திருந்து, அது கைக்கு வரும்வரை நடந்த பாடமெல்லாம் அந்தக் குழந்தைக்குப் பாதிதான் கேட்டிருக்கும். வந்த கருவியில் அதே பழைய மோல்டை மாட்டினால் அதுவும் விசில்தான் அடிக்கும்.

எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்று முடிவு செய்ய, காதொலிக் கருவி ஒரு குழந்தைக்கு எப்படிப் பொருத்தப்படுகிறது என்பது ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

சத்தத்தைக் கூட்டுவது மட்டும் அல்ல

குழந்தையின் மருத்துவக் கோப்பில் ஆடியோகிராம் என்ற வரைபடம் இருக்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண். அதாவது கனத்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலி வரை. மேலிருந்து கீழாக டெசிபல். குறி கீழே இறங்க இறங்கக் கேட்புக் குறைபாடு அதிகம் என்று பொருள். பல குழந்தைகளுக்கு இந்தக் கோடு சமமாகப் போகாது. வலப்பக்கம் சரிந்து இறங்கும். 250 ஹெர்ட்ஸில் 40 டெசிபல், 4000 ஹெர்ட்ஸில் 80 டெசிபல் என்று இருந்தால், அந்தக் குழந்தைக்கு உயிரொலிகள் ஓரளவு காதில் விழும். ஸ், ஷ், ச் போன்றவை நழுவிவிடும். "கூப்பிட்டா திரும்புறான், சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்குறான்" என்று நாம் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

தமிழில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதையெல்லாம் நாம் வினைச்சொல்லின் கடைசியில் வைத்திருக்கிறோம். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. பேசும்போதோ அந்தக் கடைசி ஒலியைத்தான் மெலிதாக விடுகிறோம். 'வந்தான்' என்பதன் னகரம் மூக்கொலியாகக் கரைந்தே போய்விடுகிறது. கேட்புக் குறைபாடுள்ள குழந்தை கட்டுரை நோட்டில் 'அக்கா வந்தான்' என்று எழுதினால் அதைச் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், அந்த ஒலி அவளுக்கு என்றைக்காவது கேட்டிருக்குமா என்று யோசிக்கலாம்.

ஆகவே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைக் குழந்தைக்குக் குழந்தை, காதுக்குக் காது தனியாகக் கணக்கிட வேண்டும். இதற்கென வாய்பாடுகள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்.ஏ.எல். ஒன்று, கனடாவில் உருவான டி.எஸ்.எல். இன்னொன்று. மெல்லிய பேச்சு கேட்க வேண்டும், இயல்பான பேச்சு தெளிவாக இருக்க வேண்டும், பள்ளி மணி அடித்தால் காது வலிக்கக் கூடாது: மூன்றும் சேர்ந்ததுதான் சரியான பொருத்தம். குழந்தையின் காதுக்குழாய் சிறியது. ஒரே அளவு ஒலியைச் சிறிய இடத்துக்குள் செலுத்தினால் அழுத்தம் கூடும். பெரியவர்களுக்கான சராசரியை வைத்துக் குழந்தைக்கு அமைத்தால் அளவு தவறுவது இதனால்தான். மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் வைத்து, செவிப்பறைக்கு அருகில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று நேரடியாக அளக்கும் முறை இருக்கிறது. அந்த வசதி இல்லாத இடத்தில், கருவியை மாட்டிக்கொண்ட நிலையிலேயே ஒலியறையில் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். பெற்றோரிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: "மெஷினைப் போட்டுப் பார்த்து டெஸ்ட் எடுத்தீங்களா?"

கடைகளிலும் இணையத்திலும் விற்கும் ஒலிபெருக்கிப் பொறிகளைப் பெற்றோர் சில சமயம் ஆசையோடு வாங்கி வந்துவிடுவார்கள். அவை அந்தக் குழந்தையின் ஆடியோகிராமுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை அல்ல. எஞ்சியிருக்கும் கேட்புத் திறனையும் கெடுக்கும் அளவுக்கு ஒலி போகலாம். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற ஆடியோலஜிஸ்ட் பார்க்காத கருவியைக் குழந்தையின் காதில் வைக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மோல்டு

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியிலிருந்து ஒலியைக் காதுக்குள் கொண்டுபோவது, அந்தக் காதின் அளவெடுத்துச் செய்த மோல்டு. காது வளரும்; மோல்டு வளராது. கைக்குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறைகூட மாற்ற வேண்டிவரும். பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிய அளவு எடுப்பது நல்லது. தளர்ந்த மோல்டின் ஓரமாக ஒலி கசிந்து கருவியின் மைக்குக்கே திரும்பிப் போகும்போதுதான் விசில் எழுகிறது.

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி. இரண்டு காதுக்கும் கருவி உண்டு. இரண்டும் பென்சில் டப்பாவில் இருந்தன. விசில் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் சிரித்ததால் கழற்றி வைத்துவிட்டாள். அதற்குமுன் சில மாதங்கள் ஒலியளவைக் குறைத்துக் குறைத்துச் சமாளித்திருக்கிறாள். மோல்டைப் பார்த்தேன், அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது செய்தது. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் புதிய அளவு எடுத்தார்கள், புதிதாக ஆடியோகிராமும் எடுத்து அதே கருவியைக் கணினியில் இணைத்துத் திருத்தினார்கள். "மெல்லக் கற்பவள்" என்று அதுவரை பெயர் வாங்கியிருந்த பெண், அரையாண்டுத் தேர்வுக்குள் சொல்வதெழுதலில் வகுப்போடு சேர்ந்துகொண்டாள். புதுக் கருவிக்குத் தயாராக வைத்திருந்த விண்ணப்பம் அனுப்பப்படவே இல்லை.

மோல்டையும் கருவியையும் இணைக்கும் குழாய் மஞ்சளாகி விறைத்துப்போனால் அதையும் மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தக் குழாய்க்குள் வியர்வை முத்து முத்தாக நிற்கும். ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்தால் போதும். வெயிலில் காயவைக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் கருவியை மாட்டுவது நம் வீடுகளுக்கே உரிய பிரச்சினை. மைக் துளையை எண்ணெய் அடைத்துவிடுகிறது.

காலையில் இரண்டு நிமிடம்

கருவியைக் கையில் வாங்கி உள்ளங்கைக்குள் மூடுங்கள். விசில் வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் முதலில் பேட்டரி, அடுத்து மோல்டின் துளையில் அழுக்கு. பிறகு குழந்தைக்கு மாட்டி, இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, உதடு தெரியாதபடி ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதைக் குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இந்த ஆறும் தொட்டுவிடும். வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டாம், ஸ் மங்கிவிடும். நேற்றுவரை ஸ் சொன்ன பிள்ளை இன்று சொல்லவில்லை என்றால் எங்கோ கோளாறு. தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

பேட்டரியும் ஒரு சாட்சி. நாள் முழுவதும் மாட்டினால் சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ஒரே பேட்டரி இரண்டு மாதம் ஓடுகிறது என்று பெற்றோர் பெருமையாகச் சொன்னால் கருவி பெட்டியில் உறங்குகிறது என்று அர்த்தம். தீர்ந்த பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் திரும்ப வாங்கிவிடுங்கள், விழுங்கினால் ஆபத்து.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய நேரம்

ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்புப் பரிசோதனை செய்தால்தான் இது தெரியும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு 55 டெசிபலாக இருந்த குறைபாடு 80ஐத் தாண்டிவிட்டது. அவனுடைய கருவியை எவ்வளவு திருத்தினாலும் அந்த அளவுக்கு ஒலி தர அதற்குச் சக்தி கிடையாது. அங்கே மோல்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வீண். அதிகத் திறனுள்ள கருவிதான் வேண்டும். அதுவும் போதாத நிலை வந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஈரத்தால் திரும்பத் திரும்பப் பழுதாகும் கருவி, உதிரிபாகம் கிடைக்காத கருவி, கணினியில் திருத்த முடியாத பழைய வகை, சட்டைப் பையில் வைத்து ஒயர் மாட்டும் மாடல் இவையும் மாற்றத்தக்கவையே. நன்றாகப் பராமரித்த டிஜிட்டல் கருவி சுமார் ஐந்து ஆண்டு உழைக்கும். ஐந்தாண்டு முடிந்துவிட்டது என்பது மட்டுமே மாற்றுவதற்குக் காரணமாகாது; ஆடியோலஜிஸ்ட் சோதித்து, இன்னும் தேவையான ஒலியைத் தருகிறது என்றால் ஓடட்டும்.

காதில் சீழ் வந்தால் கதை வேறு. அப்போது கருவியை மாட்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். சளியாலும் நடுக்காதில் நீர் கோத்தும் கேட்கும் அளவு தற்காலிகமாகக் குறையும். அதைப் பார்த்துப் புதுக் கருவி கேட்பது அவசரம்.

மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் ஒருமுறை கருவி பெற்றவர் மீண்டும் பெற மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஓராண்டு. "போன வருஷம்தானே கொடுத்தாங்க, இனி கிடைக்காது" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவதால் இதைச் சொல்கிறேன். விண்ணப்பத்தோடு உங்கள் குறிப்பும் போகட்டும்: எந்த ஒலி கேட்கவில்லை, எந்தத் தேதியிலிருந்து, எந்த இருக்கையில், மின்விசிறி ஓடும்போது என்ன ஆகிறது. பரிசோதனை அறையின் அமைதியில் அரைமணி நேரம் பார்க்கும் ஆடியோலஜிஸ்டுக்கு இந்த ஒரு பக்கத் தாள் பெரிய உதவி.

புதியது வந்தபின் முதல் சில வாரங்கள் குழந்தை சிணுங்கும். பழகாத ஒலிகள் அத்தனை இருக்கும். ஒரு மாதத்தில் மீண்டும் அழைத்துப்போய்த் திருத்தச் சொல்லுங்கள். பழைய கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். புதியது பழுதுபார்க்கப் போயிருக்கும் நாட்களில், அப்போதைய காதுக்கு ஏற்ற மோல்டை மாட்டி அதையே பயன்படுத்தலாமா என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கி வந்துவிடலாம்.