நட்டஈட்டுப் பணத்தில் வக்கீலுக்குப் பங்கு உண்டா?

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரம். சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், அடுத்து பிச்சாட்டூர். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நடந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் பல வீடுகளில் பேச்சு மாறவில்லை. 2022 ஏப்ரல் 4-ந் தேதி சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதில் இருந்து பிச்சாட்டூர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

மாவட்டம் எதுவானாலும் பிழைப்பு வெளியூரில்தான். சென்னை, பெங்களூர், திருப்பதி என்று கட்டிட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் கணக்கு எழுதும் வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களுக்குப் பதிலாக வீட்டுக்கு வருவது நட்டஈட்டுப் பணம்.

அந்தப் பணம் முழுதாக வந்து சேருகிறதா? அதுதான் கேள்வி.

12 லட்சம் என்ன ஆகும்?

ஒரு கொத்தனார் பெங்களூரில் லாரி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு வயது 28. இரண்டு பிள்ளைகள். மோட்டார் வாகன விபத்து டிரிப்யூனல் 12 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவு போடுகிறது. வழக்கின் தொடக்கத்தில் கையில் காசு இல்லாததால், "ஜெயித்தால் நூற்றுக்கு இருபது" என்று வக்கீலிடம் வாய்ப்பேச்சாகப் பேசியிருக்கிறார்கள்.

நூற்றுக்கு இருபது என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அந்தத் தொகையை 6 சதவீத வட்டியில் பாங்கியில் போட்டால் மாதம் 1,200 ரூபாய் வரும். பிள்ளைகள் தலையெடுக்கும் வரை அந்த வீட்டின் அரிசிக்கும் பருப்புக்கும் உதவ வேண்டிய பணம் அது.

வக்கீலின் உழைப்புக்குக் கூலி வேண்டாமா? நிச்சயம் வேண்டும். சாட்சி விசாரணை, போலீஸ் ஆவணங்கள், வாய்தா வாய்தாவாக அலைச்சல் எல்லாம் அவர் வேலைதான். ஆனால் கூலி என்பது வேறு. பங்கு என்பது வேறு. நம் நாட்டுச் சட்டம் கூலியை ஒப்புக்கொள்கிறது, பங்கை ஒப்புக்கொள்ளவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. இப்படிப் பங்கு பேசுவது தொழில் ஒழுங்கீனம் என்று 1954-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

இந்த விஷயம் பழைய ஆந்திர மாநிலத்து வழக்கு ஒன்றில் மறுபடியும் எழுந்தது. 1998-ம் ஆண்டு நடந்த விபத்தில் கணவனை இழந்த பெண் ஒருவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். நட்டஈடும் கிடைத்தது. கட்டணமாக 10 லட்சம் ரூபாய் கொடுத்த பிறகும், மேலும் 3 லட்சம் ரூபாய்க்குச் செக்கில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பது அவருடைய புகார். அந்தச் செக் பணமில்லாமல் திரும்பியது. வக்கீல் அந்தப் பெண் மீதே செக் மோசடி வழக்குத் தொடர்ந்தார். வழக்கை ரத்து செய்ய ஐதராபாத் ஐகோர்ட்டு மறுத்துவிட்டது.

அந்தப் பெண் டெல்லி வரை போனார். 2017 டிசம்பர் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது. நட்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பது பொது நன்மைக்கு விரோதமானது, அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று நீதிபதிகள் கூறினார்கள். செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக, செல்லாத கடன் செல்லும் கடனாகிவிடாது.

பணத்துக்குக் காவல் யார்?

பிள்ளைகளின் பங்கு யார் கையில் இருக்க வேண்டும்? இதற்கும் சுப்ரீம் கோர்ட்டு வழி சொல்லியிருக்கிறது. மைனர் பிள்ளைகளின் தொகையை அவர்கள் மேஜராகும் வரை பாங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தொகைக்கும் இதே போன்ற பாதுகாப்பு உண்டு. டிரிப்யூனலின் அனுமதி இல்லாமல் அந்த வைப்பின் பேரில் கடன் கொடுக்கக்கூடாது. வட்டியைப் பாங்கி நேராகக் குடும்பத்தாருக்கே கொடுக்கலாம். வைத்தியம் போன்ற அவசரத்துக்கு மனுப் போட்டு அசலில் எடுக்கலாம்.

ஆக, அந்தப் பணத்துக்குக் கோர்ட்டுதான் காவல். அதை "நிர்வகிக்கிறேன்" என்று சொல்லி யாரும் மாதா மாதம் கமிஷன் எடுக்க இடமில்லை.

காவலும் அளவு மீறக்கூடாது. விவரம் தெரிந்தவர்களின் பணத்தையும் கண்ணை மூடிக்கொண்டு முடக்கி வைப்பதை 2012-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் பார்த்து உத்தரவு போட வேண்டும் என்றது. நட்டஈட்டைக் குடும்பத்தாரின் பாங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்த 2025-ம் ஆண்டு வழி செய்தது. எனவே மனுப் போடும்போதே தன் பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தின் நகலைச் சேர்ப்பது நல்லது.

வேலையிடத்தில் விபத்து என்றால்

சாரம் சரிந்தோ மின்சாரம் தாக்கியோ வேலையிடத்தில் ஒரு தொழிலாளி இறந்தால், முதலாளி நட்டஈட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. உரிய அதிகாரியிடம் கட்டியாக வேண்டும். 1923-ம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் செய்த ஏற்பாடு இது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது.

மேஸ்திரி ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து, வெற்றுத்தாளில் ரேகை வாங்கினாலும் குடும்பத்தின் உரிமை போய்விடாது. அதனால்தான் சட்டம் நடுவில் ஓர் அதிகாரியை நிறுத்தியிருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குக் காயம் அடைந்தவரின் நட்டஈட்டை நிர்வகிக்கப் பல சமயங்களில் சொலிசிட்டர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வருடக்கணக்கில் கட்டணமும் வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பதே கணக்கு அல்ல. கோர்ட்டின் செலவுக் கணக்கு அலுவலகம் பில்லைப் பரிசோதித்து, அதிகம் என்றால் வெட்டிவிடும்.

அமெரிக்காவில் ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்று பேசுவது சாதாரணம். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்ததும் அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து கையெழுத்து வேட்டை ஆடினார்கள். 1985-ம் ஆண்டு பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடும் உரிமையை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. 1989-ம் ஆண்டு 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அந்தத் தொகை போதாது என்ற மனக்குறை போபால் மக்களுக்கு இன்றும் உண்டு. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு வக்கீல்களுக்குப் போகவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

விபத்து எந்த ஊரில் நடந்தாலும், குடும்பம் வசிக்கும் இடத்தின் டிரிப்யூனலிலேயே வழக்குப் போடலாம். பெங்களூரில் நடந்த விபத்துக்குத் திருப்பதியில் மனுப் போட முடியும். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

கட்டணம் எவ்வளவு என்பதை முதல் நாளே ரூபாய்க் கணக்கில் பேசி எழுதி வாங்க வேண்டும். இது முக்கியம். ஏனென்றால், வழக்கு முடிந்தபின் தம் கைக்கு வந்த தொகையில் பேசிய கட்டணத்தைக் கழித்துக்கொள்ள வக்கீலுக்கு விதி இடம் கொடுக்கிறது. கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது வேண்டும். கணக்கின் நகலைக் கேட்டால் அவர் தந்தாக வேண்டும்.

வக்காலத்து தெலுங்கிலோ இங்கிலீஷிலோ இருக்கும். பணத்தை வக்கீலே பெற்றுக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதைத் தெரிந்தவரிடம் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத்தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்து கூடவே கூடாது. கட்டணத் தகராறு வந்தாலும் வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று 2000-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புகார் கொடுக்க மாநில பார் கவுன்சில் இருக்கிறது.

வக்கீல் வைக்கவே வசதி இல்லை என்றால்? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். ஆந்திரத்தில் மண்டல சட்ட சேவைக் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கணவனை இழந்த பெண் கேட்கத் தயங்குவாள். உதவி செய்ய வந்தவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது என்று நினைப்பாள். வெளியூரில் நாலு எழுத்துப் படித்து வேலை பார்க்கும் தம்பியோ மைத்துனனோ லீவு போட்டு ஊருக்கு வந்து, அவளோடு ஒருநாள் வக்கீல் வீட்டுப் படியேறி அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். அந்த ஒருநாள் கூலி போனாலும், பிள்ளைகளின் பங்கு வீடு வந்து சேரும்.