வெங்களூர்ப் பெரிய ஏரியும் அதன் சிற்றூர்களும்

பெங்களூர் என்றவுடன் கெம்பெ கௌடர் 1537-ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த தண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. தமிழர் இந்நகருக்கு வந்ததும் அத்தண்டுப் படைகளைத் தொடர்ந்தே என்று பலர் கருதுவர். பெருந்தொகையினராகக் குடியேறியது அக்காலத்தில்தான் என்பது உண்மையே. ஆயினும், தமிழ் எழுத்து இந்நிலத்துப் பாறைகளில் பொறிக்கப்பெற்றது அதற்கு எழுநூறு ஆண்டுகட்கும் முன்பாகும்.

அந்நாளில் இங்கே நகரம் இல்லை; சிற்றூர்களே இருந்தன. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மேட்டு நிலமாதலின், மழைநீரைக் கரை கட்டித் தேக்கினாலன்றி நெல் விளையாது. ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி, ஏரியின் கீழ் நன்செய், நன்செயின் விளைவால் நடைபெறும் ஒரு கோயில் என்னும் அமைப்பு உண்டாயிற்று. இத்தகைய ஊர்கள் பல சேர்ந்தது நாடு. இன்று எலகங்கா என வழங்கும் பகுதி, சோழர் ஆவணங்களில் இலைப்பாக்க நாடு எனப்பட்டது. அது நிகரிலிசோழ மண்டலத்தின் ஒரு பகுதி.

சோழர் கங்கபாடியைக் கைக்கொண்டது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1116-ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை வெல்லும்வரை அவர்கள் ஆட்சி இங்கே நிலவியது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காடுகோடியில் உளது; ஆண்டு 1043. பெர்மாடி காவுண்டரின் மகன் இராசராச வேளான் என்பான் பட்டந்தூர் ஏரியை வெட்டுவித்து, மதகுகள் அமைத்து, கோயில்களும் எடுப்பித்தான் என்பது அதன் செய்தி. பெயர்களைச் சற்று உற்று நோக்குங்கள். தந்தை கன்னட நாட்டுக் காவுண்டர். மகனோ சோழ மன்னன் பெயரோடு கூடிய வேளான். ஒரே வீட்டில், ஒரே தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றம் இது.

சோழர் சென்ற பின்னும் தமிழில் எழுதும் வழக்கம் நிற்கவில்லை என்பதே வியப்பு. இதற்குச் சிறந்த சான்று தோம்லூர். பழைய விமான நிலையச் சாலையில் நாள்தோறும் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் அங்குள்ள சொக்கநாதர் கோயிலைக் கண்டிருப்பர்? மதுரையை நினைத்துக்கொண்டு உள்ளே செல்வோர் சற்றுத் திகைப்பர். இங்கே சொக்கப்பெருமாள் என்னும் பெயரோடு எழுந்தருளியிருப்பவர் திருமால். ஊரின் பழம்பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப் பட்டணம் என்பது மற்றொரு பெயர். பட்டணம் என்ற சொல்லும் அதன் முன்னுள்ள தேசி என்ற அடைமொழியும், ஊர் ஊராகச் சென்று விற்ற வணிகக் கூட்டத்தாரை நினைவூட்டுகின்றன.

இக்கோயிலுக்கு அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களை 1270-இல் அளித்தார். தலைக்காட்டார் ஒருவரும் அவர் மனைவியும் சலப்பள்ளி ஊரிலும் விண்ணமங்கலம் ஏரியிலும் நிலம் விட்டனர். போசள வீரராமநாதன் 1290-இல் தொம்பலூர் வருவாயினின்றும் பத்துப் பொன் அளித்தான். தன் நாட்டுக் கோயில் அதிகாரிகட்கு அவன் விடுத்த ஆணையும் இங்கே உண்டு. கன்னட அரச மரபில் தோன்றி, திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்தும் ஆண்ட மன்னன் அவன். பின்னாளில் விசயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தில் இவ்வூரின் வீடுகளும் கிணறுகளும் நிலங்களும் வரிகளும் பெருமாளுக்கே உரியவாயின. எனவே, ஊரார் அனைவரும் ஏதோ ஒரு வகையில் கோயிற் குடிகளே.

மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று 1247-ஆம் ஆண்டினது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவரும் பிறரும் அளித்த நிலக்கொடையைக் கூறுவது. வேப்பூர் இன்றைய பேகூர். மூன்றாம் வல்லாளன் காலத்துப் பிறிதொன்றில், தாமரைக்கிரை ஊரார் ‘வெங்களூர்ப் பெரிய ஏரி’யின் கீழ் நிலம் கொடுத்த செய்தி வருகிறது. தாமரைக்கிரை, அண்மையிலுள்ள தாவரெக்கெரெ. வேட்டைக்குச் சென்று வழி தவறிய வல்லாள மன்னனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த அவரையை உணவாக அளித்ததால் ‘பெந்தகாளூர்’ எனப் பெயர் வந்தது என்னும் கதை இனியதுதான். ஆனால், 890-ஆம் ஆண்டளவில் பேகூரில் நாட்டப்பெற்ற கன்னட நடுகல்லிலேயே ‘பெங்களூர்ப் போர்’ குறிக்கப்படுகிறது. போசளர் தோன்றுமுன்னரே ஊர்ப்பெயர் இருந்தது.

இக்கற்களைக் காட்டி, ‘இந்நகர் எமதே’ என்று வாதிடுவார் இரு பக்கத்தும் உளர். கற்களோ அவ்வாதத்திற்கு இடங்கொடுப்பதில்லை. பேகூரில் கன்னடம், மடிவாளத்தில் தமிழ். இரண்டிற்கும் இடைத்தொலைவு சில கல் மட்டுமே. காவுண்டர் மகன் தமிழில் எழுதுவித்தான். போசளனும் அவ்வாறே செய்தான்.

உண்மையான இடர் வேறு. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை லூயி ரைசு திரட்டி 1905-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் பல இன்று இல்லை. ஏரி தூர்ந்து மனையானபோது, கரையில் நின்ற கல் அடித்தளத்திற்கும் சாக்கடை மூடிக்கும் போயிற்று. தோம்லூர் ஏரியே இன்று குடியிருப்பு. எப்பாலில் 2018-இல் கால்வாய் வேலை நடந்த இடத்தருகே ஒரு நடுகல் மீட்கப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில், 750-ஆம் ஆண்டளவில், ஊர்காத்து மடிந்த கித்தய்யன் என்னும் வீரனுக்கு எழுப்பியது அது. ஆர்வலர் சிலர் தேடியிராவிடில் அதுவும் மண்ணுக்குள் மறைந்திருக்கும். 1909-இல் நிறுவப்பெற்ற மிதிக் சொசைட்டி, எஞ்சிய கற்களை முப்பரிமாணப் படமாகப் பதிவு செய்து வருகிறது.

தோம்லூருக்குச் செல்வோர்க்கு ஒரு சொல். அக்கால எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். முதலில் ஒன்றும் விளங்காது. சாய்ந்த வெயில் படும் காலை வேளையில், சுவரருகே நின்று, ‘ஏரி’, ‘நிலம்’, ‘ஊர்’ என்னும் சிறு சொற்களைத் தேடுங்கள். ஒன்று கண்ணில் பட்டதும் அடுத்தவை எளிதாகும்.