வீட்டருகே மனநலச் சிகிச்சை: குடும்பத்தார் அறிய வேண்டியவை

ஒரு காலத்தில் மனநோய்க்குச் சிகிச்சை பெறச் சிற்றூர்களில் வாழ்வோர் பெருநகர மருத்துவமனைகளை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. பயணச் செலவும் கூலி இழப்பும் தாங்காமல் பலர் இடையிலேயே மருந்தை நிறுத்தினர். சிலர் நோயாளியை வழிபாட்டுத் தலங்களைச் சார்ந்த காப்பகங்களில் விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் அத்தகைய காப்பகம் ஒன்று தீப்பற்றியதில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை.

இன்று அந்நிலை மாறி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்துக் கிராமங்களிலேயே மனநோய்க்குச் சிகிச்சை தரலாம் என்பதைக் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980-களில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி காட்டியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையையும் நோயாளிக்கு உறுதி செய்கிறது.

சிகிச்சை வீட்டருகே வந்துவிட்டதால் குடும்பத்தின் பொறுப்பு கூடியுள்ளது. நோயாளி நன்றாக உறங்கி, வேலைக்குச் செல்லத் தொடங்கியதும், 'குணமாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அந்த நலமே மருந்தின் பயனாக இருக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதே நோய் மீண்டும் வருவதற்குரிய முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதை நாங்கள் வலியுறுத்த விரும்புகிறோம்.

எங்களிடமிருந்து உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளும்போது, மருத்துவக் குறிப்பையும் மருந்துச் சீட்டையும் தவறாது எடுத்துச் செல்லுங்கள். கையிருப்பு மாத்திரை தீருமுன்பே அங்கு செல்லுங்கள். லித்தியம் உட்கொள்வோர் குறிப்பிட்ட கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது. அவர்கள் வெயிலில் உழைக்கும் நாட்களில் போதிய நீர் அருந்த வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

உறக்கம் குறைதல், தனிமையை நாடுதல், காரணமற்ற ஐயம், தனக்குத்தானே பேசுதல், குளிப்பதையும் உண்பதையும் கைவிடுதல் ஆகியவை நோய் மீள்வதன் முன்னறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைக் கண்டால் அடுத்த முறை வரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

மருந்து மட்டுமே மீட்சி ஆகாது. ஆடு மேய்ப்பதோ, கடைக்குச் சென்று வருவதோ, தம்மால் இயன்ற ஒரு பொறுப்பு நோயாளிக்கு வேண்டும். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் எடுக்கும் முடிவுகளில் அவருடைய கருத்தையும் கேளுங்கள். ஊரார் அவரை எவ்வாறு நடத்துவர் என்பது பெரும்பாலும் நீங்கள் அவரை நடத்தும் விதத்தைப் பொறுத்தே அமையும்.