பட்ரே எண்டோசல்பான் ஆய்வு

பட்ரே எண்டோசல்பான் ஆய்வு என்பது எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி சிறுவர்களின் இனப்பெருக்க வளர்ச்சியைப் பாதிக்கின்றதா என்பதை அறிய, இந்தியாவின் கேரள மாநிலத்தில் காசர்கோடு மாவட்டத்தில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹபீபுல்லா சையத் தலைமையிலான குழு இதனை மேற்கொண்டது. இதன் முடிவுகள் 2003 ஆம் ஆண்டு "என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்" என்னும் ஆய்விதழில் வெளியாயின.

பின்னணி

எண்டோசல்பான் கரிமக் குளோரின் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி. இது 1950களில் அறிமுகமானது. கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியைக் கட்டுப்படுத்த, இது 20 ஆண்டுகளுக்கும் மேலாக உலங்கு வானூர்திகள் மூலம் தெளிக்கப்பட்டது. தோட்டங்கள் குன்றுகளின் மேற்பகுதியிலும் ஊர்கள் அடிவாரத்திலும் அமைந்திருந்தன. இதனால் தெளித்த மருந்து காற்றாலும், மழைநீராலும், ஓடைகளாலும் குடியிருப்புகளை அடைந்தது.

கன்றுகள் ஊனமாகப் பிறப்பதை இதழாளர் ஸ்ரீ பட்ரே 1970களின் இறுதியிலேயே சுட்டிக்காட்டினார். பட்ரே சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் மோகன குமார், சில நோய்கள் அங்கு வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் கவனித்தார். வேளாண்மை அலுவலரான லீலாகுமாரி அம்மா 1998 இல் வான்வழித் தெளிப்புக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். தெளிப்பு 2000 ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. தேசிய மனித உரிமை ஆணையம் இச்சிக்கலில் தலையிட்டதைத் தொடர்ந்து, 2001 இல் இந்த ஆய்வு நடைபெற்றது.

ஆய்வு முறை

பட்ரேயைச் சேர்ந்த, 10 முதல் 19 வயது வரையான 117 சிறுவர்கள் ஆய்வுக் குழுவில் இடம்பெற்றனர். வான்வழித் தெளிப்பு நடைபெறாத வேறோர் ஊரைச் சேர்ந்த 90 சிறுவர்கள் ஒப்பீட்டுக் குழுவாக அமைந்தனர். மருத்துவர்கள் இவர்களது பருவ முதிர்ச்சி நிலையைப் பதிவு செய்தனர். குருதியில் எண்டோசல்பான் எச்சமும் பாலியல் இயக்குநீர்களின் அளவுகளும் அளக்கப்பட்டன.

முடிவுகள்

குருதியில் எண்டோசல்பானின் சராசரி அளவு ஆய்வுக் குழுவில் 100 கோடிப் பகுதிகளுக்கு 7.47 பகுதிகளாகவும், ஒப்பீட்டுக் குழுவில் 1.37 பகுதிகளாகவும் இருந்தது. தெளிப்பு நின்று பல மாதங்கள் கழிந்த பின்னரும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

வயது வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பின்பும், எண்டோசல்பானுக்கு ஆளான சிறுவர்களிடம் பருவ முதிர்ச்சி பின்தங்கியிருந்தது. விரை இறங்காமை, விரைவீக்கம், குடலிறக்கம் ஆகிய பிறவிக் குறைகள் ஆய்வுக் குழுவில் 5.1 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 1.1 விழுக்காட்டினருக்கும் இருந்தன. ஆயினும் இக்குறைகளைப் பொறுத்தவரை, வேறுபாடு தற்செயலானது அன்று எனப் புள்ளியியல் அடிப்படையில் உறுதிசெய்ய இயலவில்லை.

இயக்குநீர் அளவுகளின் பொருள்

மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பி, லூட்டினைசிங் இயக்குநீரைச் சுரந்து விரைகளைத் தூண்டுகிறது. விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவை எட்டியதும் தூண்டல் குறைகிறது. அறையின் வெப்பநிலைக்கு ஏற்பத் தானே இயங்கும் குளிர்சாதனக் கருவியின் கட்டுப்பாட்டை இது ஒத்தது.

பட்ரே சிறுவர்களிடம் லூட்டினைசிங் இயக்குநீர் கூடியும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் காணப்பட்டன. தூண்டல் குறைந்ததால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால், இரண்டுமே தாழ்ந்திருக்க வேண்டும். தூண்டல் கூடியிருந்தும் சுரப்பு குறைந்திருப்பது, பாதிப்பு விரைகளின் அளவில் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. எனவே இந்த ஆய்வு, பருவ முதிர்ச்சித் தாமதத்தைப் பதிவு செய்ததோடு, அதற்கான வழிமுறை ஒன்றையும் சுட்டியது.

வரம்புகள்

மாதிரியின் எண்ணிக்கை சிறியது என்பதையும், அழைக்கப்பட்டோர் சிலர் பங்கேற்கவில்லை என்பதையும் ஆய்வாளர்களே குறிப்பிட்டுள்ளனர். ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட அளவீடு தொடர்பைக் காட்டுமே அன்றி, அது மட்டும் காரணத்தை முற்றாக நிறுவாது. இதனாலேயே எண்டோசல்பான் பருவ முதிர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற அளவில் முடிவுரை அமைந்தது.

பிற நாடுகளில்

வேதிப்பொருள்களுக்கும் இனப்பெருக்க நலத்துக்கும் உள்ள தொடர்பு இதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1977 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டிபிசிபி என்னும் நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர் பலரிடம் மலட்டுத்தன்மை கண்டறியப்பட்டது. இயக்குநீர்களின் செயற்பாட்டைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் குறித்து தியோ கோல்போர்ன் முதலிய ஆய்வாளர்கள் 1991 இல் விங்ஸ்ப்ரெட் என்னுமிடத்தில் கூடி ஆராய்ந்தனர். டிபிசிபி ஆலையில் பாதிக்கப்பட்டோர் அதனைக் கையாண்ட தொழிலாளர்கள். பட்ரேயில் ஆராயப்பட்டோரோ, தெளிப்பு நடந்த தோட்டங்களின் அருகே வளர்ந்த சிறுவர்கள்.

தடை

2011 ஏப்ரலில் எண்டோசல்பான், நிலைத்திருக்கும் கரிம மாசுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சில விலக்குகளுடன் சேர்க்கப்பட்டது. நீண்ட காலம் சிதையாமை, உயிரினங்களில் சேர்தல், தொலைவுக்குப் பரவுதல், தீய விளைவுகள் ஆகியவை இப்பட்டியலுக்கான அளவுகோல்கள் என்பதால், இந்த ஒரு ஆய்வே தடைக்குக் காரணம் எனக் கொள்ள இயலாது. 2011 மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இதன் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2017 சனவரியில் கேரள அரசுக்கு அந்நீதிமன்றம் ஆணையிட்டது.